வெறுங்கால்

காணிக்கைப் பை மூன்றாவது வரிசைக்கு வந்துவிட்டது.
கீர்த்தனை இன்னும் நாலாம் சரணத்தில் இழுபட்டுக்கொண்டிருந்தது.
என் கையில் கவர். மேலே என் எழுத்து:
‘சுகம் தந்ததற்கு நன்றி – எஸ்தர் ராஜம், செல்லூர்.’
உள்ளே நாலாயிரம்.

ஜெயசீலியின் நாலாயிரம்.
சீட்டு எடுத்ததும் தருகிறேன் என்றது;
இரண்டு சீட்டு எடுத்தாயிற்று.
அவள் கோயிலுக்கு வருவதை நிறுத்தி
ஆடியோடு ஐந்து மாசம்.
பெண்கள் சங்கத்தில் நான்தான்
ஜெபக்குறிப்பு கொடுத்தேன்:
பின்வாங்கிப்போன சகோதரிக்காக.

பையைப் பக்கத்தில் தள்ளிவிட்டு எழுந்தேன்.
ஆசீர்வாதத்துக்கு முன்னே யாரும் எழுவதில்லை;
ஐயர் பார்த்தார்.

வைகையில் தண்ணீரைக் காணோம், ஆகாயத்தாமரைதான்.
தரைப்பாலம் முழுக்க வெயில்.
ஆரப்பாளையத்துச் சந்தில் அவள்
உளுந்து கழுவிக்கொண்டிருந்தாள்.
ஈரக்கையைத் துடைத்து எண்ணினாள்.
மறுபடி எண்ணினாள்.
“வட்டி?”
“பொங்கலுக்குள்ள.”
உட்காரச் சொல்லவில்லை.
கவரைத் திருப்பி, எழுதியிருந்ததை வாசித்து,
அதை மட்டும் என்னிடம் நீட்டினாள்.
பிறகு என் காலைப் பார்த்து,
“செருப்பு எங்கக்கா?”

கோயில் வாசலில் கழற்றியது.
அவ்வளவு தூரமும் வெறுங்கால்;
அவள் வாசற்படியில்தான்
சுட்டது.