ஆப்புக்குழி

திங்கள் முதல் சனி வரை அவர் தோலைத் தடவுவார்.
ராணிப்பேட்டையில், குழல்விளக்கின் கீழே,
ஆட்டின் கழுத்தில் முள் கீறிய இடம்,
உண்ணி கடித்துப் புள்ளி விழுந்த இடம்.
விரல்நுனி ஒரு கணம் நின்றால் போதும்,
நான் தமிழில் சொல்ல வேண்டியதில்லை,
தஸ்தகீர் அண்ணன் முகம் சுண்டிவிடும்,
தோல் இடப்பக்கக் குவியலுக்குப் போகும்.

ஞாயிற்றுக்கிழமை கேட்டார்:
"இங்கே இடிந்த கோட்டை உண்டா?"
வேலூரில் அகழியோடு இருப்பதைக் காட்டினேன்.
இது நன்றாக இருக்கிறது,
எனக்கு இடிந்தது வேண்டும் என்றார்.

ஓல்டு டவுன் சந்துகள் வழியே ஏறினோம்.
கடைசி வீட்டின் பிளாஸ்டிக் குடங்களைத் தாண்டியதும் பாறை.
சஜ்ஜரா மலை எட்டு மணிக்கே சுட்டது.
அவர் கறுப்புக் குடை பிடித்திருந்தார்.
மூச்சு வாங்குவதற்காக ஊர்ப்பேச்சை மொழிபெயர்த்தேன்:
நீரில்லா ஆறு, மரமில்லா மலை,
அரசனில்லாக் கோட்டை.
(இன்னும் இரண்டு உண்டு, விட்டுவிட்டேன்.)
நகாயாமா நின்றார்.
"எங்கள் ஊரில் கோட்டையே இல்லாத கோட்டை."

சாமுராய் காலம் முடிந்த கையோடு
மாடங்களைப் பிரித்து ஏலம் விட்டார்களாம்.
உத்திரங்களை வாங்கிய குளியல்கடைக்காரன்
ஒரு குளிர்காலம் முழுக்க வெந்நீர் போட்டானாம்.
மிஞ்சியது கல் மேடை.
"பள்ளியில் கோட்டை வரையச் சொன்னார்கள்.
எல்லாரும் கூரை வரைந்தார்கள்.
நான் கல் மட்டும் வரைந்தேன். ஐம்பதுக்குப் பத்து."

உச்சியில் வாசல் இருந்த இடத்தில்
அவர் தேடியது நேரே போகாத வழி.
உள்ளே வந்தவன் திரும்ப வேண்டும்,
திரும்பும்போது மூன்று பக்கமும் அம்பு.
இரண்டு முறை நடந்து பார்த்தார்.
"இங்கேயும் திரும்புகிறது!"
செத்துவிட்டவர் போலச் சுவரில் சாய்ந்து சிரித்தார்.

பிறகு அந்தக் கல்.
விளிம்பில் வரிசையாக ஆறு குழிகள்,
உளியால் தோண்டி, ஆப்பு இறக்கிப் பிளப்பதற்கு.
பிளக்கவில்லை. யாரோ பாதியில் விட்டுப் போயிருக்கிறான்.
சுட்டுவிரலை ஒன்றில் வைத்தார்.
முதல் கணு வரை போயிற்று.
"எங்கள் கல்லிலும் இதே ஆழம்."
குறை தேடாமல் அந்த விரல் ஓய்ந்திருந்து
அன்றுதான் பார்த்தேன்.

அவர்கள் ஊரில் சில கற்களில்
வெட்டியவர் குறி இருக்குமாம்,
வட்டத்துக்குள் ஒரு கூட்டல், மூன்று கோடு, மலை மாதிரி ஒன்று.
"இங்கே யார் வெட்டியது?"
எனக்குத் தெரியாது.

சுவரைச் சுற்றிப் போனவர் கூப்பிட்டார்.
வெள்ளைப் பெயிண்டில், கோணலாக,
ஏழுமலை, பெனிட்டா.
நடுவில் இருந்த இதயம் வெயிலில் உரிந்து
வெறும் வளைவாக நின்றது.

"இது பெயரா?"
பெயர்தான். அதுவரை பொய்யில்லை.
"கல் வெட்டியவர் பெயரா?"
கீழே எங்கோ சர்ச் மணி அடித்தது.
ஆறு நாளாக அவருடைய 'இல்லை'களை எல்லாம்
தமிழாக்கியவன் நான்.
ஆமாம் என்றேன்.
"இரண்டு பேரா?"
இரண்டு பேர்.
"ஒன்று பெண் பெயர் போல ஒலிக்கிறதே."
அந்தக் காலத்தில் பெண்களும் வெட்டினார்கள்.
எந்தக் காலம் என்று அவர் கேட்கவில்லை.
குடையை மடக்கினார்,
இடுப்பு வளையக் குனிந்து
பெயிண்டை வணங்கினார்.
நான் பாலாற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
மணல்.

மறுநாள் எதுவும் மாறவில்லை.
நாற்பது தோல் இடப்பக்கம் போயிற்று.

மார்கழியில் போனில் ஒரு படம் வந்தது.
பனி ஒட்டிய கருங்கல், ஓரத்தில் ஆப்புக்குழிகள்.
நடுவில் யாரோ ஆணியால் கீறிய குடை,
காம்புக்கு இருபுறமும் பெயர்கள்,
ஒன்று ஆண், ஒன்று பெண்.
கீழே ஒரே ஒரு வரி:
"எங்கள் கல்தச்சர்களும் இரண்டு பேர்."

தஸ்தகீர் அண்ணன் எட்டிப் பார்த்தார்.
"என்னப்பா, ரிஜெக்டா?"

நான் படத்தைப் பெரிதாக்கிக்
குழிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.