எண்பத்தேழும் தொண்ணூற்றொன்றும்

நேசமலர் போனில் சொன்னாள்:
“எண்பத்தேழை எடுக்காதே.
கைபிரேக் முன்சில்லைப் பிடிக்கும்.
அடுத்த வருஷம்தான் அதைப் பின்னுக்கு மாற்றினவங்கள்.
தொண்ணூற்றொன்று என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடு.
இல்லை, மூடாதே.
கீழே படுத்துப் பார்.”

பிரம்டனில் பிரேக் கடை வைத்திருக்கிறாள்.
ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் தாண்டியும்
அவள் குரலில் கிரீஸ் மணக்கும்.

தண்டர் பேயில் ஏப்ரல்.
வீதியோரம் கரிபிடித்த பனி
இன்னும் போக மனமில்லாமல் கிடந்தது.
ரெய்யோ கொட்டகைக் கதவைத் தோளால் தள்ளினான்.
இரண்டு சாப்.
ஒன்று ஈரல் சிவப்பு.
மற்றது நான் இரவு வேலை செய்யும் வார்டுச் சுவரின் சாம்பல்.
“புது அப்பார்ட்மெண்டில் ஒரு கார் விடத்தான் இடம்.
ஒன்றை நீ எடு,
மற்றது என்னோடு.”

பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது
தானமாய் வந்த மாட்டுக்கு.
இதற்கு நாலாயிரத்து முந்நூறு டொலர்.
ஜீன்ஸோடு சேற்றில் மல்லாந்தேன்.

தொண்ணூற்றொன்றின் அடிவயிற்றை
ஸ்க்ரூட்ரைவரால் தட்டத் தட்டக்
கறள் உதிர்ந்து கண்ணிமையில் விழுந்தது.
ஓரிடத்தில் தட்டவே தேவையில்லை,
கொட்டகைக் கூரை தெரிந்தது.
நல்ல வருஷத்துக் கார்தான்.
இந்த ஊர் உப்புக்கு வருஷம் வாசிக்கத் தெரியாது.

சிவப்பின் கீழே ஊர்ந்தேன்.
ஒரு மாரியும் வெளியே போகாத இரும்பு.
கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி.

என் வருஷமும் அப்படித்தான்.
கொழும்பில் ஏஜென்சிக்காரன் அவசரத்தில்
இரண்டு வயதைக் கூட்டி எழுதினான்.
லைசென்சில் இருப்பவள் என்னைவிட மூத்தவள்,
அவளுக்கு இன்சூரன்ஸும் கொஞ்சம் மலிவு.
என்னை வாங்க வந்தவர்கள்
எவரும் கீழே படுத்துப் பார்க்கவில்லை.

எழும்பித் தூசு தட்டினேன்.
ரெய்யோ கேளாமலே சொல்லத் தொடங்கினான்:
சிவப்புக்கு மூன்றாம் கியர் விழ மறுக்கும்.
சிவப்புக்கு ஹீட்டர் இடதுகாலை மட்டும் சுடும்.
மழைநாளில் ஒரு ஹெட்லைட் கோபித்துக்கொள்ளும்.
என்ஜினைத் திருப்பி வைத்திருக்கிறார்கள்,
மெக்கானிக் எவனும் தொடப் பயப்படுவான்.
(சாம்பலுக்கும் என்ஜின் திருப்பித்தான்.
அதை அவன் சொல்லவில்லை.)

சம்பந்தம் பேச வந்தவர்களிடம்
பிள்ளையை அனுப்ப மனமில்லாத தகப்பன்
“அவளுக்குச் சமைக்கத் தெரியாது” என்பானே,
அப்படி.
சொல்லச் சொல்ல அவன் கை
சிவப்பின் போனட்டை
துணியில்லாமல் துடைத்துக்கொண்டிருந்தது.

பனி அள்ளும் வண்டியை முப்பது மாரி ஓட்டியவன்.
உப்பைத் தூவினவனும் அவன்தான்.
உப்பிலிருந்து ஒன்றை மட்டும் ஒளித்து வைத்திருக்கிறான்.

மனசுக்குள் கணக்குப் பார்த்தேன்.
ஓட்டை ஒட்ட எழுநூறு. கூடினால் தொள்ளாயிரம்.
இதே காசுக்குப் பழுதில்லாத கொரோலா ஒன்று
ஆர்தர் வீதியில் நிற்கிறது,
பெயர்கூடக் கேட்காமல் என்னோடு வரும்.

“தொண்ணூற்றொன்று” என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
கதவைத் திறந்து பிடித்தான்.
பிறகு முந்நூறைத் திருப்பித் தந்தான்,
எண்ணாமல்.

ஸ்டியரிங் பக்கம் திறப்பைக் கொண்டுபோனேன்.
அங்கே துவாரமில்லை.
“கீழே,” என்றான், “இரண்டு சீட்டுக்கும் நடுவில்.”
நிறுத்தும்போதும் ஒரு முறை இருக்கிறதாம்:
ரிவேர்ஸில் போட்டால்தான் திறப்பு கையோடு வரும்.
என்ன நியாயம் இது என்று கேட்டேன்.
தோளைக் குலுக்கினான்.

தானியக் களஞ்சியங்களைக் கடந்து ஏரிப் பக்கம் இறங்கினேன்.
காலடியில் எங்கிருந்தோ குளிர்காற்று.
எங்கிருந்தென்று எனக்குத் தெரியும்.

இரவு நேசமலர் எடுத்தாள்.
“எந்த வருஷம்?”
“நீ சொன்னதுதான்.”
“கீழே படுத்துப் பார்த்தியா?”
“பார்த்தேன்.”

அவ்வளவுதான் கேட்டாள்.
கேட்டதற்குத்தான் பதில் சொன்னேன்.