மாற்றுரை

கடவுச்சொல் கிருபாகரனிடம் இருந்தது.
கிருபாகரன் ரொறன்ரோவில் இருந்தார்.
எங்கள் சங்கத்தின் முகநூல் பக்கத்தில்
நான்கு வருடமாய் ஒரே தீபாவளி
அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

மூன்று இரவு அழைத்தேன்.
நான்காம் இரவு எடுத்தார்:
"மகளின்ரை பேர், பிறகு பழைய வான் நம்பர்.
எந்த வான் எண்டுதான் ஞாபகமில்லை."

அப்படித்தான் செயலாளர் ஆனேன்.

பகலில் கைக்கடிகாரத் தொழிற்சாலை.
மூச்சு விட்டால் ஓடிவிடும் திருகாணிகளை
உருப்பெருக்கியின் கீழ் பிடித்துவைக்கிற வேலை.
மாலையில், பீல் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
வியாழன் சமையலறை:
ஒரு பானை பருப்பு, இரண்டு பானை சோறு,
வருகிறவருக்கு ஒரு தட்டு.

விதிகளை எழுதிக்
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன்.
ஒரு பதிவுக்கு ஒரு வேண்டுகோள் போதும்.
பிள்ளைகளின் முகம் வேண்டாம்.
போன தடவைக்கு நன்றி சொல்லாமல்
இந்தத் தடவைக்குக் கேட்காதே.
கடவுச்சொல் இரண்டு பேரிடம் இருக்கட்டும்,
அதில் ஒருவராவது
ரொறன்ரோ போகும் யோசனை இல்லாதவராய்.

இது இரட்டை நாக்கு ஊர்.
தெருக்கூடத் தன் பெயரை
இரண்டு தடவை சொல்லிக்கொள்ளும்.
ஜெர்மனில் போட்டேன்: "பிரெஞ்சில் எங்கே?" என்றார்கள்.
பிரெஞ்சில் போட்டேன்: ரெகுலா வந்து
உச்சிக் குறிகளை நட்டுவிட்டுப் போனாள்.
தமிழில் போட்டேன்.
நாற்பது பேர் கைகூப்பும் சின்னம் இட்டார்கள்.
பாத்திரம் கழுவ
ஒரு கையும் வரவில்லை.

படம் இருந்தால்தான் பார்ப்பார்கள் என்றார் குகதாசன்.
வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்த ஸெம்ஹாரை நோக்கி
போனைத் தூக்கினேன்.
அவள் அகப்பையைத் தூக்கினாள்,
முகத்துக்கு முன்னால், கேடயம்போல்.
ஏன் என்று கேட்கவில்லை.
ஒரு படம் யார் மேசையில் போய் விழுமோ என்று
உறங்காதிருந்த வருடங்கள்
எங்களிடமும் உண்டு.

சுவரில் தொங்கிய அகப்பைகளை எடுத்தேன்.

பதிவேற்றும்போது ஒரு சின்னப் பெட்டி கேட்டது:
பார்க்க முடியாதவர்களுக்கு
இந்தப் படத்தைச் சொல்லுங்கள்.
வழக்கமாய்த் தாண்டிப் போய்விடுவேன்.
அன்று பஸ்ஸைத் தவறவிட்டிருந்தேன்,
அடுத்ததுக்கு இருபது நிமிடம்.
குளிரில் விறைத்த விரலால், என் ஜெர்மனில்:

"மூன்று அகப்பைகள். முதலாவது நீளம்.
இரண்டாவது ஒரு பக்கமாய்த் தேய்ந்தது,
கிண்டுகிறவர் எல்லோரும் வலக்கைக்காரர்.
மூன்றாவதன் பிடி உடைந்தது,
துணி சுற்றியிருக்கிறோம்.
துணி முன்பு வெள்ளை."

ஏழு விருப்பம்.
ஒன்று என்னுடையது. ஒன்று ரொறன்ரோ.

அடுத்த வியாழன்
வாசற்படியை ஒரு வெள்ளைத் தடி
தட்டித் தட்டி எண்ணியது.
யோஸ்ட் என்றார். அறுபது இருக்கும்.
சாப்பிடுகிறீர்களா என்றேன்.
"முதலில் அந்த மூன்றாவது."
கொடுத்தேன்.
சுற்றியதைத் தடவினார், முகர்ந்தார்.
"இது திரைச்சீலை இல்லையே!"

துணிக்கு நான் எழுதிய சொல்
திரைச்சீலையாம்.
ஒரு சமையலறை அகப்பைக்கு
ஏன் திரைச்சீலை கட்டுகிறார்கள் என்று
வாரம் முழுக்க யோசித்தாராம்.
மற்றவர்களின் படம் வந்தால்
அவர் போன் "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு
அடுத்ததுக்குப் போய்விடுமாம்.

பிறகு கையை மடித்துவிட்டுக்
கழுவுதொட்டி எந்தப் பக்கம் என்றார்.

ஆண்டறிக்கையில் நகராட்சி கேட்கிறது:
சென்றடைந்தோர் எண்ணிக்கை?
ஏழு என்று எழுதினால்
குகதாசன் பேனையைப் பறிப்பார்.
ஏழுக்குப் பக்கத்தில்
ஒரு சைபர் இடம் பார்த்து நின்றது.
போடவில்லை.

நேற்று ஸெம்ஹார் அந்தப் பதிவைத்
தன் மொழிக்கு மாற்றிப் படித்தாள்.
"பிழை," என்றாள். "மூன்று இல்லை, நான்கு."

யோசித்தேன். உண்மைதான்.
திருத்து என்பதை அழுத்தி
கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்:

"நான்காவது, படத்துக்கு வெளியே,
ஒருவர் கையில்."