சராசரி

அலுவலக மின்னஞ்சலை
எத்தனை நாளுக்கொருமுறை பார்க்கிறீர்கள்
என்று இயக்குநரகம் கேட்ட படிவம்
மின்னஞ்சலில்தான் வந்தது.
கல்லூரியில் அறுபத்தொரு பேருக்கும் அனுப்பினேன்.
ஒரு வாரத்தில் இரண்டு பதில்.
அதில் ஒன்று நான் போட்டது.

பிறகு அச்செடுத்து
பக்கிரிசாமியிடம் கொடுத்துவிட்டேன்.
துறை துறையாகப் போய்
நாலு டீ குடித்துத் திரும்பினார், கட்டோடு.

இயற்பியல் குஞ்சிதபாதம் சார்
'தினமும் ஒருமுறை'யில் டிக் அடித்து
பச்சை மையில் கையெழுத்தும் போட்டிருந்தார்.
கடவுச்சொல் மறந்தவர்கள் எல்லாரும்
என் மேசைக்குத்தான் வரவேண்டும்.
அவர் கடைசியாக வந்தது
போன வருஷம் ஆடிப்பெருக்குக்கு மறுநாள்.
வரலாற்றில் ஒருவர்,
'முக்கியமென்றால் போனில் சொல்வார்களே.'
நூலகர் சகாயமேரி
நாலு கட்டத்தையும் தொடாமல்
படிவத்தில் இருந்த ஒற்றுப்பிழைகளைத் திருத்தி
அனுப்பியிருந்தார்.

ஒரு தாள் மட்டும் நேரில் வந்தது.
தாவரவியல் செங்கமலவல்லி, கௌரவ விரிவுரையாளர்.
இந்த வருஷத்து ஆணை இன்னும் வரவில்லை;
வகுப்புக்கு மட்டும் வந்துகொண்டிருக்கிறார்.
ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்:
'சராசரின்னு போட்டிருக்கே சார்,
மே மாசத்தையும் சேர்க்கணுமா?'
மே மாசம் அவர்களுக்குச் சம்பளம் கிடையாது.
சேர்த்துக்குங்க, என்றேன்.
'அப்ப கூடுமே,' என்று சொல்லி
கட்டங்களுக்கு வெளியே
நாற்பது என்று எழுதிக் கொடுத்தார்.
கோட்டூர் தாண்டி சிக்னல் விழும் இடத்தில்
பஸ்ஸில் நின்றபடி பார்ப்பது
அதில் சேர்த்தியா என்று
நான் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் தேதி மேட்டூர் திறந்தாயிற்று.
பாமணியாற்றில் இன்னும் மணல்தான்;
பையன்கள் குச்சி நட்டு கிரிக்கெட் ஆடுகிறார்கள்.
அவர் வீட்டு வயல் கடைமடையில், மூன்று மா.
அண்ணன் வாய்க்காலைப் பார்த்துவிட்டு வருவாராம்,
இவர் போனைப் பார்த்துவிட்டு நிமிர்வாராம்,
ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதை
இப்போது நிறுத்திவிட்டார்களாம்.
சென்னையில் கேட்டால் அனுப்பியாச்சு.
ஆற்றுக்காரர்களைக் கேட்டால் விட்டாச்சு.
நடுவில் எத்தனை மதகு என்பதை மட்டும்
எந்த ஆபீசிலும் சொல்வதில்லை.

எக்செல்லில் ஏற்றினேன்.
அந்த ஒரு நாற்பதால் சராசரி துள்ளி நின்றது.
கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்தார்.
'அதை எடுத்துடுப்பா, கணக்கைக் கெடுக்குது.
அவங்க நம்ம பதிவேட்டிலேயே இல்லையே.'
எடுத்தேன்.
எண் அடங்கி உட்கார்ந்தது.
அறிக்கையை அனுப்பிய மூன்றாம் நிமிஷம்
திரும்பி வந்தது:
பெறுநரின் பெட்டி நிரம்பியிருக்கிறது.

இரவு ஒன்பதரை.
பக்கிரிசாமி போன் போடுகிறார்,
மூணாறு தலைப்புக்குத் தண்ணி வந்துருச்சாம் சார்.
சரி என்று வைத்துவிட்டு
கல்லூரிப் பெட்டியைத் திறக்கிறேன்.
விரலால் கீழே இழுத்து விட
சின்ன வட்டம் சுற்றுகிறது.
சாப்பாட்டுக்கு முன் ஒருதரம் பார்த்தேன்.
அதற்கு முன், ரயில்வே கேட்டில்.
ஒன்றுமில்லை.
இன்னொருமுறை இழுக்கிறேன்.

என் படிவத்தில் நான்
'தினமும் ஒருமுறை' என்றுதான்
போட்டிருந்தேன்.