வலது கால்

பாம்பன் பாலத்தை முந்நூறு தடவைக்கு மேல்
கடந்திருக்கிறாராம் என் கணவர்,
டிப்போ வண்டியில், ஐம்பத்தைந்து பேரை ஏற்றிக்கொண்டு.
கடல் எப்படி இருக்கும் என்று கேட்டேன்.
"நடுப்பாலத்துல இறங்கி நின்னு போட்டோ எடுப்பாங்க,
ஹாரன் அடிச்சுக்கிட்டே போகணும்" என்றார்.

கல்யாணமாகி ஏழு மாதம்.
அவருக்கு ஐம்பத்திரண்டு, எனக்கு நாற்பத்தாறு.
தேனிலவு என்றால் மின்வாரிய ஆபீஸே சிரிக்கும்.
"ராமேஸ்வரம், ஒரு வேண்டுதல்"
என்று எழுதிக் கொடுத்து லீவு வாங்கினேன்.
வேண்டுதல் எதுவும் இல்லை.

இன்று பாலத்தில் அவர் பயணி.
ஜன்னலோரத்தை எனக்குத் தந்துவிட்டு
முன்னே ஓட்டுகிறவரின் கையையே பார்த்து வந்தார்.
கீழே பச்சையும் நீலமும்
ஒட்டாமல் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன.
நங்கூரமிட்ட படகுகளெல்லாம்
ஒரே திசைக்கு மூக்கைத் திருப்பியிருந்தன.
"பாருங்களேன்" என்றேன்.
"மூணாவது கியர்லயே இழுக்கிறான்" என்றார்.

குந்துகாலில் கச்சான் காற்று. படகு விடவில்லை.
"இது ஆண் கடல். வடக்க போங்க,
பெண் கடல் சும்மா கிடக்கும்" என்றார் சோடா விற்றவர்.
சும்மா கிடக்கிறது என்று
யார் போய்க் கேட்டார்களோ.
ஆளுக்கொரு பன்னீர் சோடா.
அந்த நாள் அவ்வளவுதான்.

மறுநாள் காரங்காடு.
என் லைஃப் ஜாக்கெட்டின் வாரை இழுத்துக் கட்டி
டயரைத் தட்டிப் பார்ப்பதுபோல
முதுகில் இரண்டு தட்டு தட்டினார்.
அலையாத்திக் காட்டுக்குள் ஓடை வளைந்தது.
ஒவ்வொரு வளைவிலும்
அவர் வலது கால் பலகையை மிதித்தது.
நாரை ஒன்று குறுக்கே எழுந்தபோது
முழு பலத்தோடு மிதித்தார்.
"அண்ணே, இதுல பிரேக் கிடையாது"
என்றான் படகோட்டி சந்தியாகு.

சொன்ன வாய் மூடவில்லை, தரை தட்டியது.
"வத்தம். ஏத்தம் வர ஒரு மணி நேரம் ஆகும்."
"இறங்கித் தள்ளவா?"
"இடுப்பு வரைக்கும் சேறுண்ணே. உக்காருங்க."

என்ஜின் நின்றதும் சேறு பேச ஆரம்பித்தது.
டொப், டொப் என்று குமிழிகள்.
பென்சில் நட்டதுபோல் வேர்கள்.
மடவை ஒன்று துள்ளி
தன் வட்டத்துக்குள்ளேயே விழுந்தது.
அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கடைசியில் மடியில் வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, என்னிடமா
வேரிடமா என்று தெரியாத குரலில் சொன்னார்:
"பாலத்துல ஏறினதும் ஏதாவது ஒரு பிள்ளை
கடலுன்னு கத்தும்.
மொத்த பஸ்ஸும் அந்தப் பக்கம் சாயும்.
ஸ்டீயரிங்ல தெரியும் அந்தக் கனம்.
நானும் பாத்திருந்தா
அவங்க பாத்திருக்க முடியாதில்ல."

எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.
பெரிய கொடுக்கு ஒன்றும் சின்னக் கொடுக்கு ஒன்றுமாக
ஒரு நண்டு வளைக்கு வெளியே வந்து
எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனது.
பிறகு மறுபடி வந்தது.

ஏத்தம் வந்ததை யாரும் அறிவிக்கவில்லை.
வேர்கள் ஒவ்வொன்றாய்க் குட்டையாயின.
படகு லேசாக அசைந்தது.
திரும்பினேன். வாய் திறந்து தூங்குகிறார்.
மூன்று மணி ஷிப்டுக்கு அலாரம் அடிக்குமுன்
எழுந்து உட்காருகிற மனிதர்.
செருப்பைவிட்டு நழுவிய வலது கால்
என் காலின் மேல் கிடந்தது,
கனமாக, எதையும் மிதிக்காமல்.

சந்தியாகு கயிற்றை இழுக்கப் போனான்.
வேண்டாம் என்று தலையசைத்தேன்.
கழியால் ஊன்றித் தள்ளினான்.
வளைவு, தாழ்ந்த கிளை, எதிரே ஒரு படகு.
எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கரையில் நண்டு சூப் கொதிக்கிற வாசனை.
இனி எழுப்பித்தான் ஆக வேண்டும்.