ஹெச் இரண்டில் ஒரு சிப்பாய்

கடலூர் முதுநகர். ஐஸ் கம்பெனி.
கம்ப்ரசர் ஓடும் ராத்திரியெல்லாம்
கணக்கர் யூனுஸின் பழைய கம்ப்யூட்டரும் ஓடும்.
அது கணக்குப் பார்ப்பதில்லை.
கறுப்பு ராஜாவை ஒரு கட்டத்தில் போட்டு
சுற்றிலும் கைக்கு வந்ததை இறைத்து
மூன்றே நகர்த்தலில் மூச்சு முட்டுமா என்று
தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருக்கும்.

விடியற்காலை நாலரைக்கு
தொட்டியிலிருந்து கேன்களைத் தூக்கி
ஐஸ் பார்களைச் சரித்துவிட்டு
அம்மோனியா எரியும் கண்ணோடு உள்ளே போவேன்.
"நாலாயிரத்துச் சொச்சம் போட்டிருக்கு," என்பார் யூனுஸ்.
"தேறுனது மூணு. பாருங்க தனவேலு."

சங்கராவோடு வலையில் ஏறிவரும்
ஒற்றைச் செருப்பு, பாட்டில் மூடி, பிளாஸ்டிக் பூ.
அப்படித்தான் இருக்கும் அநேகமும்.
இந்தக் குதிரை இந்த மூலைக்கு
எப்படிப் போனதென்று கேட்க முடியாது.
அது போகவில்லை.
இருக்கிறது.

இன்றைக்கு ஒன்று.
வெள்ளை ராணி சண்டையைப் பாதியில் விட்டு
தூரத்து மூலைக்குப் போய் நிற்கிறாள்.
செக் இல்லை, வெட்டு இல்லை,
கோபித்துக்கொண்டு போன மாதிரி.
அவ்வளவுதான்.
இனி கறுப்பு எதைத் தொட்டாலும் சாவு.
டீ ஆறிப்போனது என் கையில்.

ஆனால் ஹெச் இரண்டில் ஒரு வெள்ளைச் சிப்பாய்.
ஒரு வேலையும் இல்லை அதற்கு.
"தண்டச்சோறு," என்று எடுத்தேன்.
எடுத்ததும்
மந்திரி அந்தக் கட்டத்தில் வந்து உட்கார்ந்து
சாவகாசமாய் முடித்துவிடுகிறான்.
ராணி போன போக்குக்கு அர்த்தமே இல்லை.
திரும்ப வைத்தேன். ஒரே விடை.

"யாரு சொன்னா இதுக்கு?"
"யாரும் சொல்லல.
எடுத்துப் பாத்துச்சு, உடைஞ்சுது, உட்டுடுச்சு."

என் பர்ஸில் ஒன்று இருக்கிறது.
தானே புயலில் கரண்ட் போன நாட்களில்
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கட்டியது.
காலண்டர் தாளின் பின்பக்கம்,
மடிப்பில் இரண்டு கட்டம் கிழிந்திருக்கும்.
இதுவரை யாரும் போட்டதில்லை அதை.
யாருக்கும் காட்டியதும் இல்லை.

நீட்டினேன்.
யூனுஸ் ஒவ்வொரு காயாய்த் தட்டினார்.
இரண்டு விடை.
இரண்டாவது, என்னுடையதைவிடச் சின்னது.

அவர் திரையை விட்டு எழுந்து
மேசை மேலேயே இருக்கும் கால்குலேட்டரைத்
தேட ஆரம்பித்தார்.

வாசலில் ராசாப்பேட்டை வண்டி ஹாரன்.
கிரஷரில் பார் நொறுங்குகிறது.
நான் ஓரத்தில் ஒரு சிப்பாயை வைத்துப் பார்க்கிறேன்.
ஹெச் இரண்டில். உடைகிறது.
ஹெச் மூன்றில்.
"அண்ணே, ஐஸு!"
ஏ நான்கில்.