அட்டவணையில் இல்லாதவன்

ஈரி ஏரிக்கரை மைதானம், ஏழாவது மாடி.
பத்திரிகைக்காரர் கூண்டில் கடைசி நாற்காலி என்னுடையது.
வாரநாளில் கவுண்டி அலுவலகத்தில் தண்ணீர் பில் போடுகிறேன்,
ஞாயிற்றுக்கிழமை யார்டு எண்ணுகிறேன்.
பக்கத்தில் வென்டெல், கண்ணில் பைனாகுலர்:
"நாற்பத்தொன்று ஓடினான். ஐம்பத்தாறு பிடித்தான். நான்கு யார்டு."
உண்மையில் மூன்றரை.
அரைக்கு எங்கள் தாளில் இடமில்லை.

இந்த வருடத்துக் கணக்கைக் கேளுங்கள்.

பூவா தலையாவில் பதினான்கு வாரம் தொடர்ந்து தோற்றோம்.
வெளியூரில் எங்கள் கேப்டன் தலை கேட்டால் பூ.
உள்ளூரில் எதிரி எது கேட்டானோ அது.
பதினாறாயிரத்து முன்னூற்று எண்பத்து நான்கில் ஒன்று
என்றான் வென்டெல்,
லாட்டரி விழுந்தவன் முகத்தோடு.

மூன்றாம் கால் பகுதியில் ஒரு டச்டவுன் இல்லை,
பதினேழு ஆட்டத்திலும்.
எங்கள் முயலுக்கு மூன்றே கால்.
பிடிவாதத்தில் சொல்லவில்லை,
எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன்.

அணியில் அதிக தூரம் போனவன்
ஓடுகிறவன் இல்லை, பிடிக்கிறவன் இல்லை.
லேயோட்டா.
வேறு வழி தீர்ந்த பிறகு
பந்தை உதைத்துத் தொலைக்க வருகிறவன்.
தொண்ணூற்றொரு உதை, நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு யார்டு.
இரண்டு மைலுக்கு மேல் எங்கள் தோல்வியை
காற்றிலேயே சுமந்திருக்கிறான் பாவம்.

இன்னொன்று.
எடுத்த புள்ளி, கொடுத்த புள்ளி இரண்டையும் கூட்டிக் கழித்தால்
ஏழு எங்கள் பக்கம்தான் மிச்சம்.
ஆனாலும் பன்னிரண்டு ஆட்டம் தோற்றோம்.
அதில் ஆறு தோல்விக்கும் சேர்த்து இடைவெளி ஒன்பது.
அக்டோபரில் ஒருநாள் மட்டும்
முப்பத்தெட்டு வித்தியாசத்தில் ஒரு அணியைத் துவைத்துக் காயப்போட்டோம்.
அதில் பதினைந்தைக் கிள்ளி அங்கங்கே தூவியிருந்தால்
ஆறும் நம்முடையது என்று
பீச் தெரு மதுக்கடையில் ஒருவன்
ஏட்டுச் சுரைக்காயை நறுக்கிக்கொண்டே இருந்தான்.
நான் அவனுக்கு உப்பு எடுத்துக் கொடுத்தேன்.
நானும்தானே அதைச் சாப்பிடுகிறேன்.

நடுவில் குனிந்து நிற்பவன் அமோஸ் பிக்கெட்.
ஒவ்வொரு ஆட்டமும் அவன் கால்களுக்கிடையில் தொடங்குகிறது.
பந்தைப் பின்னால் கொடுப்பான்,
கொடுத்த கணமே நூற்று நாற்பது கிலோ ஒன்று மார்பில் வந்து விழும்,
எழுவான், மறுபடி குனிவான்.
எட்டு வருடம்.
ஓடியவனுக்குக் கட்டம் உண்டு. வீசியவனுக்கு, பிடித்தவனுக்கு,
பிடித்தவனை வீழ்த்தியவனுக்கு உண்டு.
ஒழுங்காகக் கொடுத்தவனுக்கு
நான் எதில் எழுதுவது?

ஜனவரி, கடைசி ஆட்டம். ஏரி முழுவதும் எழுந்து வந்தது போலப் பனி.
ஒரு புள்ளி பின்தங்கி, நாற்பது நொடி மிச்சம்.
பந்து வழுக்கியது.
வீசுகிறவன் தலைக்கு மேலே போய்
இருபத்திரண்டு யார்டு பின்னால், வெள்ளைக்குள் வெள்ளையாக
யாரோ அதன்மேல் விழுந்தார்கள்.
"ஐம்பத்து மூன்று," என்றான் வென்டெல்.
எட்டு வருடத்தில் முதல்முறை அந்த எண்ணைச் சொன்னான்.
விதிப்படி எழுதினேன்:
பிக்கெட், தவறவிட்டது, ஒன்று.

எல்லோரும் போன பிறகு லிஃப்ட் திறந்தது.
காதோரம் ஐஸ் உருக அவன் நின்றான்.
"என் பேரில்தான் போட்டீர்களா?"
தாளைத் திருப்பிக் காட்டினேன்.
எழுத்துக்கூட்டுவது போல விரலால் தடவினான்.
"பிக்கெட்டுக்கு இரண்டு டி," என்றான்.
திருத்திக் கொடுத்தேன்.

அன்றிரவு பதினேழு ஆட்டத்தின் பதிவையும் ஓட்டினேன்.
ஆயிரத்து அறுபத்தொன்று, சரியாகக் கொடுத்தவை.
எண்ணி முடித்தபோது தெருவில் பனி வாரும் வண்டி.
தண்ணீர் பில் ஒன்றின் பின்பக்கம் எழுதி வைத்தேன்.
யாருடைய பில் என்று
காலையில் தேட வேண்டும்.